அகப்பையில் வந்தது

டொங்காட் ஆற்றங்கரையில்
கரும்புக்கு ஆழ உழுதவன் டிராக்டரை நிறுத்தினான்.
கொழுவில் சிக்கியது ஒரு பானையின் வாய்.
வயது ஆயிரத்து நானூறு, ஏறக்குறைய.
இந்த ஏறக்குறைய என்ற சொல்லுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

டர்பனில், மூன்றாம் மாடியில், ஜன்னலில்லாத அறை.
ஊடுகதிர்ப் படத்தில் வளையல் அடுக்கியதுபோல் மூட்டுகள்:
சக்கரம் காணாத பானை.
கழுத்தில் நகத்தால் குத்திய வரிசை, பதினொன்று,
பிறகு ஓர் இடைவெளி
(யாராவது கூப்பிட்டார்களா)
பிறகு கொஞ்சம் சாய்வாக மறுபடி.

ஓட்டுச்சில்லின் ஓரத்தை
முடியின் பாதித் தடிமனுக்குத் தேய்த்து
நுண்ணோக்கியில் வைத்தேன்.
மேடையைத் திருப்பத் திருப்ப மணற்பரல்கள்
ஒவ்வொன்றாய் அணைந்து மறுபடி எரிந்தன,
தீபாவளி இரவில் சாட்ஸ்வொர்த் தெரு மாதிரி.
ஓரம் சிவப்பு, நடு கறுப்பு.
சுள்ளி போதவில்லை, அல்லது மழை வந்தது;
சூடு உள்ளே போய்ச் சேருமுன்
நெருப்பு எழுந்து போய்விட்டது.
எழுநூறு டிகிரிக்குள் என்று எழுதினேன்.
மழை என்று எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

ஹ்லெங்கிவே சில்லைச் சாய்த்துப் பிடித்தாள்.
உள்பக்கம் ஒரே சாய்வில் கீறல்கள்.
"கிளறியவளுக்கு இடக்கை" என்றாள்.
"கிளறியவன்?" என்றேன்.
"அதைப் பானை சொல்லவில்லை."
சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அப்புறம் கொழுப்பு.
மண்ணுக்கு ஞாபகம் உண்டென்று மேடையில் பேசலாம்.
எங்களுக்கு அது துளை, துளைக்குள் பிசுக்கு,
இரண்டு கிராம் பொடி, கரைப்பான், காத்திருப்பு.
நாலாவது மணியில் மின்சாரம் போயிற்று.
அட்டவணைப்படி போனதால் யாரையும் திட்ட முடியவில்லை.
டீசல் எந்திரம் இருமி எழுந்து
எல்லாம் முதலிலிருந்து தொடங்கி
திரையில் கோடு நகர்ந்து நகர்ந்து வந்து
ஓரிடத்தில் கோபுரமாய் நின்றது.

லாரிக் அமிலம்.
தேங்காய்.

இந்தக் கரையில், அந்தக் காலத்தில், தேங்காய்!
அப்படியானால் பருவக்காற்று, அப்படியானால் பாய்மரம்,
அப்படியானால் கரும்புக் கூலிகளின் கப்பலுக்கு
ஆயிரத்து இருநூறு வருஷம் முன்னால்
யாரோ இங்கே இறங்கி, உடைத்து, துருவி...
அன்றிரவு பேராசிரியருக்கு நாலு மின்னஞ்சல் அனுப்பினேன்.
நாலாவதில்
"நம்மவர்கள்" என்ற சொல் நுழைந்துவிட்டது.

காலையில் கோபுரத்தின் பக்கத்தில்
சின்னதாய் இரண்டு மேடு.
இரவே இருந்தன. கண்ணை விடவில்லை நான்.
ஸ்குவாலீன். கொலஸ்டிரால்.
ஸ்குவாலீன் மனிதத் தோலில் ஊறுவது;
மண்ணுக்குள் ஆயிரம் வருஷமெல்லாம் தாங்காது.
திங்கட்கிழமை கையுறைப் பெட்டி காலி.
ஞாயிறு தலைக்கு எண்ணெய் வைத்த விரல்,
அவிழ்ந்த கொண்டையைச் சொருகிய விரல்,
அதே விரல்தான் சில்லைத் திருப்பியது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள்.
சட்டியில் இல்லாததும் வரும்,
அகப்பை பிடித்தவள் ஆசைப்பட்டால்.

ஹ்லெங்கிவே சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.
புதுக் கையுறைப் பெட்டியை என் மேசையில் வைத்தாள்.
மாதிரி பதினேழு, முதல் ஓட்டம்: நிராகரிப்பு.
காரணம்: மாசு.
மூலம் என்ற கட்டத்தில் வி. நாயகர் என்று எழுதினேன்.
அங்கே மட்டும் ஏறக்குறைய தேவைப்படவில்லை.

மேல்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு
உள்மண்ணிலிருந்து மறுபடி எடுத்தோம்.
பால்.
மாடோ ஆடோ, அசைபோடும் ஏதோ ஒன்றின் பால்.
வெளிவிளிம்பில் கருகிய ஒழுகல் ஒன்று:
எப்போதோ பொங்கி வழிந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் பொங்கினால் கூவுவோம்.
அந்த வீட்டில்
ஓடிவந்து இடக்கையால் இறக்கி
சூடு பட்டு, யாரையோ திட்டியிருப்பார்கள்
என்று நினைக்கிறேன்.
ஆதாரம் இல்லை.